போட்ட கியரும் விழுந்த கியரும்

இறக்கத்தில் ஒரு வளைவு. மோட்டார் சைக்கிளில், நான்காவது கியரில், 60க்குச் சற்று மேலான வேகத்தில் வந்துகொண்டிருந்தேன். வளைவுக்கு முன்னால் மூன்றாவதுக்கு இறக்கிவிடலாம் என்று கிளட்சைப் பிடித்து, லீவரை மிதித்து, கிளட்சை விட்டேன். வழக்கமாக அந்த நேரத்தில் எஞ்சின் லேசாக உறுமியபடி வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். அன்று அந்தப் பிடிப்பு வரவில்லை. எஞ்சின் சத்தம் அப்படியே அடங்கிப்போனது. காற்றும் செயின் ஓடும் ஓசையும் மட்டும்தான் கேட்டன. வண்டி தன்பாட்டில் உருண்டது. வேகம் குறைய வேண்டிய இடத்தில் கூடிக்கொண்டிருந்தது.

பதறிப்போய் லீவரை மறுபடி மிதித்தேன். விழுந்ததா இல்லையா என்று பார்க்காமல் இன்னொரு தடவையும் மிதித்தேன். கிளட்சைப் படாரென்று விட்டேன். முதல் மிதியில் மூன்றாவது விழுந்திருக்கிறது. அடுத்த மிதியில் இரண்டாவதும். பின்சக்கரம் கிறீச்சிட்டு, இரண்டு மூன்று முறை துள்ளி, பக்கவாட்டில் வழுக்கியது. என் பாதையைத் தாண்டி அடுத்த பாதைக்குள் போய்த்தான் வண்டி நிலைக்கு வந்தது. எதிரில் யாரும் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஓரமாக நிறுத்தி இறங்கியபோது கை நடுக்கம் நிற்கச் சில நிமிடங்கள் ஆயின. அப்போதே ஒன்று உறைத்தது. முதல் தடவை கியர் விழாமல் போனதால் எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. பிரேக் இருந்தது, சாலை இருந்தது, வண்டி நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. என்னை வழுக்க வைத்தது அதற்குப் பிறகு நான் போட்ட இரண்டு மிதிகள்.

தமிழில் கியரைப் பற்றிப் பேச இரண்டு வினைச்சொற்கள் வைத்திருக்கிறோம். கியர் போடுகிறோம், கியர் விழுகிறது. காலால் மேலே தூக்கினாலும் ‘அஞ்சாவது விழல’ என்றுதான் சொல்கிறோம். இந்தப் பேச்சுவழக்கு எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் உள்ளே நடப்பதை அப்படியே சொல்கிறது. போடுவது காலின் வேலை. விழுவது கியர்பெட்டிக்குள் நடப்பது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி உண்டு. பெரும்பாலும் கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லாததால் அது நமக்குத் தெரிவதில்லை. கியர் தவறுவது எப்போதும் அந்த இடைவெளியில்தான்.

அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும். கியர் மாற்றும்போது பற்சக்கரங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி வேறொன்றோடு கோத்துக்கொள்கின்றன என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அப்படியில்லை. இன்றைய மோட்டார் சைக்கிள் பெட்டியில் எல்லாச் சோடிகளும் எந்நேரமும் கோத்தபடியே சுற்றுகின்றன. ஆனால் ஒவ்வொரு சோடியிலும் ஒரு சக்கரம் தண்டோடு ஒட்டாமல் சும்மா சுழன்றுகொண்டிருக்கும். அதன் பக்கத்தில் உள்ள சக்கரத்தின் பக்கவாட்டில் தடித்த முட்டுகள் துருத்தி நிற்கும். மெக்கானிக்குகள் அவற்றை டாக் என்பார்கள். அந்தச் சக்கரம் தண்டின்மேல் சில மில்லிமீட்டர் நகர்ந்து, முட்டுகள் எதிர்ச்சக்கரத்தின் குழிகளுக்குள் நுழைந்தால், அந்தக் கியர் விழுந்துவிட்டது என்று பொருள். நகர்த்துவது ஒரு கவை. கவையை நகர்த்துவது, வளைந்து நெளிந்த காடி வெட்டப்பட்ட ஒரு உருளை. நம் கால் ஒரு தடவை மிதித்தால் அந்த உருளை ஒரு படி திரும்பும். ஒவ்வொரு படியிலும் அதை நிறுத்திவைக்க, ஸ்பிரிங் பூட்டிய ஒரு சின்ன உருளி நட்சத்திர வடிவத் தட்டின் பள்ளத்தில் போய் உட்காரும். காலில் ‘டக்’ என்று தெரிகிறதே, அந்த உணர்வில் பாதி இந்த உருளி பள்ளத்தில் இறங்குவதுதான்.

இப்போது அரைகுறையாக ஒரு மிதி. பழைய கியரின் முட்டு குழியிலிருந்து வெளியே வந்துவிட்டது. புதிய கியரின் முட்டு இன்னும் நுழையவில்லை. குழிக்குப் பதில் எதிர்ச்சக்கரத்தின் முகத்தில் மோதி நிற்கிறது. கால் அதற்குள் விலகிவிட்டது. எஞ்சினுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் எந்தத் தொடர்பும் இல்லை. நியூட்ரல் விளக்கு எரியாது, ஆனால் வண்டி நியூட்ரலில்தான் ஓடுகிறது. இதைத்தான் பொய் நியூட்ரல் என்கிறோம். முட்டுகள் குழிக்கு நேராக வர, சக்கரம் கொஞ்சம் சுழல வேண்டும். அதற்குள் காலின் அழுத்தம் போய்விடக் கூடாது. எவ்வளவு பலமாக மிதித்தோம் என்பதைவிட எவ்வளவு நேரம் கால் அங்கே இருந்தது என்பதே முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

தவறும் இடத்தைப் பொறுத்து விளைவும் மாறும். அதிகம் பேருக்கு நடப்பது முதலிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது. நடுவில் உண்மையான நியூட்ரலே உட்கார்ந்திருக்கிறது. கால் அரைத் தூக்கோடு நின்றால் அதில் மாட்டிக்கொள்ளும். ஏன் அதை அங்கே வைத்தார்கள்? நியூட்ரல் அடியில் இருந்தால், அவசரமாக வேகம் குறைக்கும் ஒருவர் மிதித்துக்கொண்டே வந்து, வண்டியை இழுக்க எந்தக் கியரும் இல்லாமல் நின்றுவிடுவார். முதல் கியர் அடியில் இருந்தால் கடைசிவரை மிதித்தாலும் கையில் ஒரு கியர் மிஞ்சும். நல்ல ஏற்பாடு. அதற்கு நாம் கொடுக்கும் விலைதான் சிக்னலில் பச்சை விழுந்ததும் கிளம்பும்போது எஞ்சின் அலறி வண்டி நகராமல் நிற்பது. பின்னால் வருபவர் நாம் போய்விடுவோம் என்று நம்பி முடுக்கியிருப்பார். ஆபத்து முன்னால் இல்லை, பின்னால். இந்த இடத்தில் ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தி, கிளட்சைப் பிடித்து, மறுபடியும் மேலேதான் தூக்க வேண்டும். கீழே மிதித்தால் ஓடுகிற வண்டியில் முதல் கியர் விழும்.

நான்கு, ஐந்து, ஆறு என்று மேலே ஏற்றும்போது தவறுவது கேட்பதற்குப் பயங்கரமாக இருந்தாலும் சமாளிப்பது எளிது. முறுக்கிய கை முறுக்கியபடியே இருப்பதால் எஞ்சின் சுற்று சரசரவென்று ஏறும். கையைத் தளர்த்துங்கள், கிளட்சைப் பிடியுங்கள், இன்னொரு தடவை முழுதாகத் தூக்குங்கள். வண்டி வேகத்தில்தான் இருக்கிறது. ஒரு நொடி தாமதித்தால் சற்று மெதுவாகும், அவ்வளவுதான்.

என்னைக் கவிழ்க்கப் பார்த்தது மூன்றாவது வகை, இறக்கும்போது தவறுவது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 16.7 மீட்டர் போகும். எஞ்சின் இழுத்துப் பிடிக்கும் என்று உடம்பு எதிர்பார்த்துத் தயாராக இருக்கிறது. அது வராதபோது, வண்டியை யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டதுபோல் தோன்றுகிறது. அந்தத் தோற்றத்தை நம்பித்தான் கால் தானாக மிதிக்கத் தொடங்குகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வண்டியின் முதல் கியர் விகிதம் 2.8, இரண்டாவது 1.75, நான்காவது 1.15 என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்காவதில் எஞ்சின் நிமிடத்துக்கு 4,500 சுற்றில் ஓடுகிறது. அதே வேகத்தில் இரண்டாவது விழுந்தால் எஞ்சின் ஏறத்தாழ 6,850 சுற்றுக்குப் போயாக வேண்டும். முதல் கியரே விழுந்தால் 10,950. கிளட்சை மெல்ல விட்டால் எஞ்சின் அந்தச் சுற்றுக்கு ஏற நேரம் கிடைக்கும். படாரென்று விட்டால், கீழே கிடக்கும் எஞ்சினை மேலே இழுக்கும் வேலை முழுவதும் பின் டயரின் தலையில் விழுகிறது. வளைவில் சாய்ந்திருக்கும் டயருக்கு அந்தச் சுமையைத் தாங்கும் பிடிமானம் மிச்சம் இருக்காது. எஞ்சின் தன் எல்லையைத் தாண்டிச் சுற்றினால் வால்வுகள் பிஸ்டனில் மோதும் அபாயமும் உண்டு. எரிபொருளையோ ஸ்பார்க்கையோ நிறுத்தி எஞ்சினைக் கட்டுப்படுத்தும் ரெவ் லிமிட்டரால் இங்கே காப்பாற்ற முடியாது. எஞ்சினைச் சுற்றுவது அப்போது பின்சக்கரம்.

ஆகவே இறக்கும்போது கியர் விழவில்லை என்றால் நான் இப்போது முதலில் தேடுவது பிரேக்கை. பிரேக்குக்குக் கியர் தேவையில்லை. இரண்டு பிரேக்கையும் படிப்படியாக அழுத்தி, கிளட்சைப் பிடித்தபடி, வளைவுக்கு முன்னால் முடிந்தவரை வேகத்தைக் குறைத்துவிடுவேன். ஏற்கெனவே வளைவுக்குள் சாய்ந்துவிட்டேன் என்றால் பார்வையை வளைவு முடியும் இடத்தில் வைத்து, பின் பிரேக்கை மட்டும் லேசாகத் தொட்டு, அப்படியே உருண்டு வெளியே வருவேன். கியர் இல்லாமலும் வண்டி வளையும். இதை மனசார நம்ப எனக்கு நிறைய நாள் ஆனது. வண்டி நிமிர்ந்த பிறகு ஒரே ஒரு மிதி. லீவர் அடிவரை போய் நிற்கிறதா என்று கால் பார்த்துக்கொள்ளும். பிறகு ஆக்ஸிலரேட்டரைச் சற்றே திறந்து, கிளட்சை மெதுவாக விடுவேன். எந்தக் கியரில் இருக்கிறேன் என்று சந்தேகமாக இருந்தால் ஒன்று மேலே தூக்குவேன். உயர்ந்த கியரில் வண்டி திணறும், திணறலில் யாரும் விழுவதில்லை. மீட்டரில் கியர் எண் காட்டும் வண்டியாக இருந்தாலும் அந்த நேரத்தில் குனிந்து பார்க்காதீர்கள். பொய் நியூட்ரலில் பல வண்டிகளில் அங்கே ஒரு கோடோ வெற்றிடமோதான் இருக்கும்.

தவறாமல் போடுவது எப்படி என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல வழி, கிளட்சைப் பிடிப்பதற்கு முன்பே லீவரில் காலின் எடையை லேசாக ஏற்றிவைப்பது. எஞ்சின் இழுக்கும்போது முட்டுகள் குழிச் சுவரில் அழுந்திக் கிடக்கும்; கால் அழுத்தினாலும் அவை வெளியே வராது. ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்திய அந்தக் கணத்தில் அழுத்தம் விடுபடும். காத்திருக்கும் காலுக்கு அப்போதே வழி கிடைத்து, கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் விழும். கிளட்சை முழுதாக விடும்வரை காலை எடுக்காதீர்கள். இது ஒன்றைப் பழகிய பிறகு எனக்குக் கியர் தவறுவது அநேகமாக நின்றேபோனது. இறக்கும்போது கிளட்ச் பிடித்திருக்கும் நேரத்தில் ஆக்ஸிலரேட்டரை ஒரு சின்ன முறுக்கு முறுக்கி எஞ்சினைக் கீழ்க்கியரின் சுற்றுக்கு ஏற்றிவிட்டால் முட்டுகள் மோதாமல் நுழையும், வண்டியும் குலுங்காது. வண்டியைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சிலர் லீவரை மெல்ல, தயங்கித் தயங்கித் தள்ளுவார்கள். முட்டுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டே நிற்பது அதனால்தான். பெட்டிக்கு உறுதியான கால்தான் நல்லது.

நின்ற இடத்தில் கியர் இறங்காமல் அடம்பிடிப்பது வேறு கதை. சிக்னலில் மூன்றாவதிலேயே நின்றுவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் சில சமயம் அசையாது. சக்கரங்கள் சுழலாததால் முட்டும் குழியும் நேராக வரவில்லை. வண்டியை முன்னும் பின்னும் அரையடி உருட்டினாலோ கிளட்சை நூலளவு விட்டுப் பிடித்தாலோ விழுந்துவிடும். கவாசாகி வண்டிகள் பலவற்றில் உள்ள ஓர் ஏற்பாடு இதோடு தொடர்புள்ளது. கியருக்குள் சின்ன எஃகுக் குண்டுகள் இருக்கும். வண்டி நிற்கும்போது அவை இறங்கி வழிமறிக்கும். முதலிலிருந்து தூக்கினால் நியூட்ரலைத் தாண்டாது. ஓடும்போது சுழற்சி அவற்றை வெளியே வீசிவிடும், இரண்டாவது வழக்கம்போல் விழும். தெரியாதவர்கள் இதைப் பழுது என்று நினைத்துக் கவலைப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

உண்மையான பழுதும் உண்டு. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வண்டியை எனக்குத் தெரிந்த ஒரு மூத்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். “அண்ணே, கியர் தவறுது” என்றேன். அவர் வண்டியைத் தொடவேயில்லை.

“விழாம போகுதா, இல்ல விழுந்துட்டு வெளிய வருதா? அதை முதல்ல சொல்லுங்க தம்பி.”

அந்த ஒரு கேள்வி எனக்குப் பெரிய பாடம். விழுந்த கியர் முறுக்கும்போது தானாக வெளியே குதித்தால், முட்டுகளின் விளிம்பு மழுங்கியிருக்கலாம், கவை வளைந்திருக்கலாம். முட்டுகளை லேசாக உட்சரிவாக வெட்டியிருப்பார்கள். இழுவை கூடக்கூட ஒன்றையொன்று இறுகப் பிடிப்பதற்காக. அந்தச் சரிவு தேய்ந்து உருண்டுபோனால் அதே இழுவை அவற்றைத் தள்ளிவிடும். அதற்கு எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டும். விழவே தயங்கினால் பெரும்பாலும் வெளியிலேயே காரணம் இருக்கும், சரிசெய்வதும் சுலபம்.

என் வண்டியில் கிளட்ச் கேபிள் தளர்ந்திருந்தது. லீவரைக் கைப்பிடிவரை இழுத்தாலும் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. கேபிள் வகைக் கிளட்சில், லீவரின் அடியில் 2, 3 மில்லிமீட்டர் ஆட்டம் இருப்பது பொதுவான அளவு. உங்கள் வண்டியின் கையேட்டில் சரியான எண் இருக்கும். ஆட்டம் கூடினால் கிளட்ச் ஒட்டிக்கொண்டே இருந்து கியர் கடினமாக விழும். நின்றால் நியூட்ரல் கிடைக்காது. ஆட்டமே இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்கும். கிளட்ச் வழுக்குவதையும் பொய் நியூட்ரலையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வழுக்கும்போது எஞ்சின் சுற்று ஏறும், ஆனாலும் வண்டி கொஞ்சமாவது இழுக்கும். பொய் நியூட்ரலில் இழுவை துளியும் இருக்காது.

அவர் அடுத்துப் பார்த்தது செயின். தொங்கிப்போன செயின் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் ஒரு வெட்டு வெட்டும். பிறகு கியர் லீவரைக் கையால் பிடித்து ஆட்டினார். அது தண்டில் உட்காரும் பற்களில் லேசாக ஆடியது. கவ்விப் பிடிக்கும் போல்ட் தளர்ந்திருந்தது. நான் முழுதாக மிதித்ததாக நினைத்த மிதியில் ஒரு பங்கு அந்த ஆட்டத்திலேயே கரைந்திருக்கிறது. ஒரு போல்ட்டை இறுக்க அரை நிமிடம். அதை வண்டி துடைக்கும்போதே நான் பார்த்திருக்க வேண்டும் என்று இன்றுவரை நினைக்கிறேன். எஞ்சின் ஆயிலையும் மாற்றினார். பெரும்பாலான வண்டிகளில் எஞ்சினும் கிளட்சும் கியர்பெட்டியும் ஒரே ஆயிலில்தான் நனைகின்றன. பற்சக்கரங்கள் அதை நசுக்கி நசுக்கி அதன் பாகுத்தன்மையைக் குறைத்துவிடும். ஆயில் கெட்டதை முதலில் சொல்வது பல நேரம் கியர் லீவர்தான். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா என்று பாருங்கள். நனைந்த கிளட்ச் வழுக்காமல் இருப்பதற்கான தரக்குறி அது.

வேறொருவர் வண்டியை வாங்கி ஓட்டும்போது இன்னொரு வகையில் கியர் தவறும். கால் பழகியது ஒன்று, பெட்டி கேட்பது வேறொன்று. ஒரு மிதிக்கு ஒரு கியர், பிறகு லீவர் தானே நடுவுக்குத் திரும்பும் என்ற இன்றைய முறையை 1920களின் கடைசியில் வெலோசெட் நிறுவனத்துக்காக ஹரோல்ட் வில்லிஸ் உருவாக்கினார். அதற்கு முன் பெரும்பாலும் கையால்தான் மாற்றினார்கள். ஆனால் எந்தக் கால், மேலே ஏற்றுவதா கீழே மிதிப்பதா என்பதில் வெகுகாலம் ஒற்றுமை இல்லை. பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் வலது காலில் கியர், இடது காலில் பிரேக். 1974 செப்டம்பர் முதல் தேதிக்குப் பிறகு தயாராகும் வண்டிகளில் கியர் இடது காலில்தான் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா விதித்தது. மற்ற தயாரிப்பாளர்களும் அந்தப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். எல்லாக் கியரும் முன்னால் மிதித்தே ஏறும் சிறிய வண்டிகளும், பந்தயத்துக்காகத் தலைகீழாக்கிய வண்டிகளும் இப்போதும் இருக்கின்றன. இரவல் வண்டியில் ஏறினால் கிளம்புவதற்கு முன் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். அவசரத்தில் கால் பழைய வண்டியைத்தான் நினைவில் வைத்திருக்கும்.

சென்ற மாதம் அக்கா மகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். காலியான ஒரு பெரிய மைதானம். முதல் கியரில் அழகாகக் கிளம்பினாள். இரண்டாவதுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் எஞ்சின் அலறியது.

“மாமா, ரெண்டாவது போட்டேன், வண்டி போகவே மாட்டேங்குது.”

“போட்டே, சரி. விழுந்துச்சா?”

அவள் பதில் சொல்லவில்லை. நான் குனிந்து அவள் காலைப் பார்த்தேன். அவள் ஷூவின் முன்பகுதி என்னுடையதைவிடத் தடிமன். லீவருக்கு அடியில் நுழைக்கவே கணுக்காலை வளைத்துத் திருக வேண்டியிருந்தது. தூக்குவதற்கு மிச்சமாக அரை அங்குல அசைவுகூட இல்லை. நான் அவள் கவனத்தைக் குறைசொல்லிக்கொண்டிருந்தேன், லீவரின் உயரம் எனக்கென்று வைத்தது என்பதை மறந்து. போல்ட்டைத் தளர்த்தி, லீவரை உருவி, ஒரு பல் மேலே ஏற்றிப் பூட்டினேன். பாதம் கால்தாங்கியில் இயல்பாக இருக்கும்போதே விரல்கள் லீவருக்கு அடியில் நுழைந்தன. “தூக்கினதும் காலை எடுக்காதே. கிளட்ச் முழுசா வெளிய வர்ற வரைக்கும் அங்கேயே வெச்சிரு” என்றேன்.

மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போனாள். முதல் கியரின் சத்தம் ஏறியது, ஒரு சின்ன நிறுத்தம், பிறகு சத்தம் ஒரு படி இறங்கி, சீராகத் தொடர்ந்தது. திரும்பி வந்து நிற்காமல் இன்னொரு சுற்றுக்குப் போய்விட்டாள். இருட்டும்வரை ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று அதையே செய்துகொண்டிருந்தாள். மறுநாள் மூன்றாவதுக்குப் போனோம்.